கிரேட் சால்ட் லேக் ஆர்ட்டீமியா முட்டை, 425 கிராம் டின்: காசுக்குத் தகுமா?

தகும். ஆர்ட்டீமியா என்பது உப்புத் தண்ணீரில் வாழும் பொடி இறால், அதன் முட்டையை வீட்டில் பொரித்து மீன் குஞ்சுக்கு உயிருள்ள தீனியாகக் கொடுப்பார்கள். ஃபைட்டர், கப்பி, ஏஞ்சல் என்று எந்த மீனையாவது வீட்டிலேயே குஞ்சு எடுத்து வளர்க்கிறவராக இருந்தால், 90% பொரியும் என்று போட்ட இந்த டின்னைத் தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். குறைத்த அந்த அரை மதிப்பெண் முட்டைக்காக இல்லை, டின்னில் ஒட்டியிருக்கும் நாலு வரிக் குறிப்புக்காக. ஒரு லிட்டர் தண்ணீர், 25 கிராம் உப்பு, 28 டிகிரி, காற்று, வெளிச்சம், 24 மணி நேரம். அவ்வளவுதான். ஏன் 25, வெளிச்சம் எதற்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. காரணம் தெரியாததால் ஆளாளுக்கு ஒரு கைப்பக்குவத்தைக் கண்டுபிடித்து, பாதி முட்டையை வீணடித்துவிட்டு, கடைசியில் டின் சரியில்லை என்று திட்டுகிறார்கள். இந்த முட்டை எந்தத் தண்ணீரிலிருந்து வருகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் அந்த நாலு வரியும் தானாக விளங்கிவிடும், அதனால்தான் விமர்சனம் கொஞ்சம் நீளமாகப் போகிறது.

பிராண்டு பெயர் எழுதவில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கிற அந்த ஒரே ஏரியின் முட்டையைப் பல பெயர்களில் டின் அடைத்து விற்கிறார்கள். பார்க்க வேண்டியது ரகமும் காலாவதித் தேதியும்தான்.

கிரேட் சால்ட் லேக்கில் ஆறுகள் வந்து விழும், வெளியே போக வழி கிடையாது. வெயிலில் ஆவியாகிற தண்ணீர் போக, உப்பு மட்டும் தங்கிவிடும். 1959-இல் ஏரியின் குறுக்கே ரயில் பாதைக்காகக் கல்லும் மண்ணும் கொட்டி ஒரு கரை போட்டார்கள், அதோடு ஏரி இரண்டாகிவிட்டது. பெரிய ஆறுகள் எல்லாம் தெற்குப் பக்கம் விழுவதால் வடக்குப் பக்கம் உப்பு இனிமேல் கரையாது என்கிற அளவுக்கு ஏறி, தண்ணீரே இளஞ்சிவப்பாகிவிட்டது. அந்த நிறம் உப்பை விரும்பும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிரிகளுடையது. அங்கே ஆர்ட்டீமியாவுக்கே சமாளிப்பது கஷ்டம். நம் டின்னுக்கு வருகிற முட்டை தெற்குப் பக்கத்துச் சரக்கு. அங்கேயும் உப்பு கடலைப் போல மூன்று நாலு மடங்கு. திறந்த ஏரியில் மீன் வாழ முடியாது. மீன் இல்லாத இடம் என்பதால்தான் ஓடி ஒளியத் தெரியாத, ஓடு கூட இல்லாத, விரல் நகம் நீளமே உள்ள இந்த இறால் வகை அங்கே கோடிக்கணக்கில் பெருகுகிறது. மீன் இருக்கிற தண்ணீரில் விட்டால் ஒரு மணி நேரம் தாங்காது, நமக்கும் அதுதானே வேண்டும்!

வசந்தத்தில் முட்டை பொரியும், குஞ்சுகள் ஏரி நிறையப் பெருகியிருக்கும் பச்சைப் பாசியை மேய்ந்து மேய்ந்து, கோடை தொடங்குவதற்குள் தண்ணீரையே தெளியவைத்துவிடும். தீனி இருக்கும்வரை பெண் இறால்கள் உயிருள்ள குஞ்சாகவே ஈனும். தீனி குறைந்தாலோ, உப்பு ஏறினாலோ, பிராணவாயு போதாவிட்டாலோ அதே பெண் கெட்டியான பழுப்பு ஓடு போட்ட முட்டையை விட ஆரம்பிக்கும். குளிர் வந்ததும் பெரியவை எல்லாம் செத்துப்போகும். முட்டை மட்டும் மிதந்துகொண்டே குளிர்காலத்தைத் தாண்டும். உள்ளே இருப்பது சுமார் 4000 செல் வரை பிரிந்து, அங்கேயே வளர்ச்சியை நிறுத்திவைத்த கரு. உலர்ந்த எடையில் ஏறத்தாழ 15 சதவீதம் டிரெஹலோஸ் என்ற சர்க்கரை. தண்ணீர் போனபிறகும் செல்லின் உள்ளமைப்பு குலையாமல் காப்பதும் அதுதான், பிறகு விழித்தெழும்போது எரிபொருளாவதும் அதுதான். இப்படி உயிரை நிறுத்திவைக்கத் தெரிந்ததால்தான் அது டின்னில் அடைபட்டுக் கப்பலேறி நம்மூர்க் கடை அலமாரி வரை வந்து சேர்கிறது.

அக்டோபர் 1-ஆம் தேதி அறுவடை தொடங்கும். காற்று தள்ளித் தள்ளி, முட்டை ஏரியின் மேல் செம்பழுப்புக் கோடுகளாகச் சேர்ந்திருக்கும். மேலே சிறு விமானத்தில் ஒருவர் கோட்டைப் பார்த்துச் சொல்ல, கீழே படகுகள் போய், கடலில் எண்ணெய் கொட்டினால் போடுவார்களே அந்த மிதவை வேலியால் வளைத்து உறிஞ்சி மூட்டையில் பிடிக்கிறார்கள். லிட்டருக்கு 21 முட்டை என்ற அளவுக்கு ஏரி இறங்கிவிட்டால் அறுவடையை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். மிச்சம் இருந்தால்தான் அடுத்த வசந்தத்தில் கூட்டம் மறுபடி பெருகும், இலையுதிர் காலத்தில் லட்சக்கணக்கில் வந்து இறங்கும் கருங்கழுத்து முக்குளிப்பான்களும் இந்த இறாலைத் தின்றுதான் மேலே பறக்கின்றன. ஒரு தொழிலுக்கு இப்படி வெளிப்படையாக ஒரு கணக்கு வைத்து நிறுத்துகிற விதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

டின் விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று கேட்பவர்களுக்கும் பதில் அந்த ஏரியில்தான் இருக்கிறது. வருகிற தண்ணீரை விவசாயத்துக்கும் ஊர்களுக்கும் திருப்பிக்கொண்டே போனதில், வறட்சியும் சேர்ந்து, 2022 நவம்பரில் ஏரி அதுவரை பதிவான எல்லா அளவுக்கும் கீழே போய்விட்டது. தெற்குப் பக்கமே 19 சதவீத உப்பை நெருங்கியது. ஆர்ட்டீமியா அதில் செத்துவிடாது, ஆனால் உடம்பிலிருந்து உப்பை வெளியே தள்ளுவதிலேயே சக்தி எல்லாம் போய்விடும், வளர்ச்சியும் முட்டையும் குறையும். 2023 தொடக்கத்தில் ரயில் கரையின் திறப்பில் இருக்கும் தடுப்பை 5 அடி உயர்த்தி, வடக்கின் கடும் உப்பு தெற்கே கலக்காமல் பார்த்துக்கொண்டார்கள். எதிர்ப்பக்கமும் ஆபத்து உண்டு. 1980-களில் பெருமழை பெய்து தெற்குப் பக்கம் உப்பு கடுமையாக இறங்கியபோது, உப்பு தாங்காத நீர்ப்பூச்சிகள் உள்ளே நுழைந்து குஞ்சுகளைத் தின்றுவிட்டன.

இனி டின் விஷயத்துக்கு வருவோம். 425 கிராம், ஒரு கிராமில் சுமார் 2.5 லட்சம் முட்டை. இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. 90% என்பது உள்ளே கரு உள்ள நல்ல முட்டைகளில் எத்தனை பொரிந்தது என்ற கணக்கு. வெறும் ஓடு, தூசி, மணல் எல்லாம் அந்தக் கணக்கில் வராது. ஆகவே ஒரு கிராமுக்கு எத்தனை குஞ்சு என்று டின்னில் போட்டிருந்தால் அந்த எண்ணைப் பாருங்கள், சதவீதத்தைவிட அதுதான் நேர்மையான எண். நான் வாங்கிய டின்னில் அது இருந்தது, சரக்கும் சுத்தம்.

உப்புதான் எல்லாரும் சறுக்குகிற இடம். உப்பு ஏரிப் பிராணிதானே, நிறையப் போட்டால் சந்தோஷப்படும் என்று இரட்டிப்பாகப் போடுகிறார்கள். நடப்பதோ நேர்மாறு. தண்ணீரில் ஊறியதும் கரு தன்னிடம் உள்ள டிரெஹலோஸைக் கிளிசராலாக மாற்றும். கிளிசரால் தண்ணீரை உள்ளே இழுக்கும், அழுத்தம் ஏறி ஏறி ஓடு வெடிக்கும். வெளியே உப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு அதிகக் கிளிசராலை உள்ளே சேர்த்தால்தான் தண்ணீர் இழுபடும், அதற்கு நேரமும் பிடிக்கும், குஞ்சுக்கு வைத்திருந்த சேமிப்பும் கரையும். ஏரியிலேயே பனி உருகி நல்ல தண்ணீர் வந்து சேரும் காலத்தை ஒட்டித்தான் முட்டை பொரிகிறது என்பதை நினைத்துக்கொண்டால் இந்த 25 கிராம் மறக்காது. 20 போட்டாலும் நன்றாகவே பொரிகிறது. தூத்துக்குடிக் கல் உப்பு போதும், மீன் கடையில் விற்கும் கடல் உப்பு இதற்கு வீண் செலவு. தூள் உப்பிலும் பொரியும், கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கிற சங்கதி தண்ணீரைக் கொஞ்சம் கலக்கும், அவ்வளவுதான்.

வெடித்த ஓட்டின் அடியில் கரு ஒரு மெல்லிய பைக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். இதைக் குடை நிலை என்கிறார்கள், ஒரு சாதாரண கைலென்ஸ் இருந்தால் ஒருமுறையாவது பாருங்கள். அந்தப் பையை உள்ளிருந்து கரைக்கிற நொதி காரத்தில்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஆர்ஓ தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்குப் பாதி முட்டை குடையோடு நின்றுபோவது இதனால்தான், ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் சரியாகிவிடும். வெளிச்சம் என்பது முட்டை ஊறிய முதல் சில மணி நேரத்துக்கு அவசியம், கருவை எழுப்புகிற சமிக்ஞை அது. இரவில் இருட்டில் போட்டுவிட்டுத் தூங்கப் போனால் காலையில் தாமதமாகத்தான் ஆரம்பிக்கும். பக்கத்தில் ஒரு பல்பு எரிந்தால் போதும்.

சூட்டைப் பொறுத்தவரை சென்னைக்காரர்களுக்கு ஹீட்டரே தேவையில்லை, 28 டிகிரி நம் சாதாரண அறைதான். சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறையில் வைத்தால் மட்டும் 33-ஐத் தாண்டிப் பொரிப்பு அடிவாங்கும், அந்த ஒன்றிரண்டு மாதம் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிடுங்கள். குளிர்பான பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, காற்றுக் குழாயை அடிவரை விட்டால் முட்டை ஓரிடத்தில் தங்காமல் சுற்றும். ஏர் ஸ்டோன் மாட்டாதீர்கள், பொடிக் குமிழி நுரை கட்டி முட்டையை மேலே தூக்கி விளிம்பில் ஒட்டிவிடும். லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம்.

குறிப்பில் சுத்தமாக விட்டுப்போன விஷயம் கிருமி. குஞ்சு வெளியே வரும்போது அந்தக் கிளிசரால் எல்லாம் தண்ணீரில் கொட்டுகிறது. பாக்டீரியாவுக்குச் சாப்பாடு! விப்ரியோ இனம் அதைத் தின்று ஒரே இரவில் பெருகிவிடும், பாட்டிலில் மஞ்சளாக ஒரு வழுவழுப்பும் ஒருவித வாடையும் வருவது அதனால்தான். அந்தத் தண்ணீரோடு அப்படியே குஞ்சு மீன் தொட்டியில் ஊற்றிவிட்டு, ஆர்ட்டீமியா கொடுத்தேன், குஞ்சு செத்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர். மெல்லிய சல்லடைத் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் நன்றாக அலசி, பிறகு கொடுங்கள். பாட்டிலை ஒவ்வொரு தடவையும் பிளீச் போட்டுக் கழுவிக் காயவையுங்கள்.

பொரிந்து முதல் நிலையில் இருக்கிற குஞ்சுக்கு வாயே திறந்திருக்காது, வயிற்றில் உள்ள மஞ்சள் கருவைக் கொண்டு வாழும். ஆரஞ்சு நிறமாகக் கொழுகொழுவென்று இருக்கும். மீன் குஞ்சுக்குச் சத்து அந்த நேரத்தில்தான் அதிகம். பொரிந்து எட்டு மணி நேரம் போல ஆனதும் தோல் உரித்து அடுத்த நிலைக்குப் போய்விடும், கண்ணாடி மாதிரி வெளுத்து, வேகமாக நீந்தி, சேமிப்பைச் செலவழித்துவிட்டிருக்கும். அதனால் காலையில் பொரிந்ததை இரவுக்கு வைத்துக் கொடுப்பதானால் அலசிய குஞ்சை ஃபிரிட்ஜில் வையுங்கள், குளிரில் தோல் உரிப்பது தள்ளிப்போகும்.

ஓட்டைப் பிரிப்பது இன்னொரு தலைவலி. காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் காலி ஓடு மேலே மிதக்கும், பொரியாத முட்டை அடியில் படியும், குஞ்சு வெளிச்சம் உள்ள பக்கம் போய்க் கூடும். அங்கே குழாய் விட்டு உறிஞ்சுங்கள். கொஞ்சம் ஓடு வரத்தான் செய்யும், அதிகமானால் குஞ்சு மீனின் குடலை அடைக்கும். பிளீச்சில் ஓட்டைக் கரைத்துவிட்டுப் பொரிக்கும் முறையும் உண்டு. கடையில் 'ஷெல் இல்லாத ஆர்ட்டீமியா' என்று விற்கும் உலர்ந்த பாக்கெட் வேறு, அது பெரும்பாலும் நேராகத் தூவுகிற தீனி, பொரிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அப்புறம் சில்லறைப் பாக்கெட் விவகாரம். சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் போனால் தெரு முழுக்க மீன் கடைதான், 20 கிராம், 50 கிராம் என்று பிரித்து ஜிப் கவரில் தொங்கவிட்டிருப்பார்கள். ஒரு கடையில், எது என்று சொல்லப் போவதில்லை, "அண்ணே, அதே டின் சரக்குதான், நம்பி எடுத்துட்டுப் போங்க" என்று கொடுத்தார்கள். பாதிகூடப் பொரியவில்லை. அவர் பொய் சொல்லியிருப்பார் என்றும் நான் நினைக்கவில்லை, அதே டின்னாகவே இருக்கலாம். முட்டையில் ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அது உறங்கும். நம்மூர்க் காற்றின் ஈரத்தை உறிஞ்சி அதற்கு மேல் ஏறினால், பொரிக்கிற அளவுக்குத் தண்ணீரும் இல்லாமல், உறங்கவும் முடியாமல் சேமிப்பை எரிக்க ஆரம்பித்துவிடும். வெளியே பார்த்தால் அதே பழுப்புத் தூள். ஐப்பசி, கார்த்திகை மாதத்தில் திறந்து தொங்கவிட்ட கவருக்கு இந்தக் கதிதான். டின்னைத் திறந்த அன்றே சின்னச் சின்னக் காற்றுப் புகாத புட்டிகளில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிரித்துப்போட்டு, ஒன்றை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு மற்றதை ஃபிரீசரில் வையுங்கள். காய்ந்த முட்டையைக் குளிர் ஒன்றும் செய்யாது. எடுத்ததும் திறக்காமல், புட்டி அறைச் சூட்டுக்கு வந்தபிறகு திறங்கள், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துவிடும்.

வியட்நாமின் வின் சாவ் உப்பளங்களில் வளர்க்கிற சரக்கும் கிடைக்கிறது. அது சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடா வகை. முட்டையும் குஞ்சும் கிரேட் சால்ட் லேக்கைவிடச் சிறியவை, விலை கூட. பொரித்த உடனே வாய் பொடியாக இருக்கிற மீன்களுக்கு அது நல்லது. ஃபைட்டருக்கு முதல் இரண்டு மூன்று நாள் இன்ஃபுசோரியா என்ற கண்ணுக்கே தெரியாத நீர் நுண்ணுயிரிகளைக் கொடுத்துவிட்டு ஆர்ட்டீமியாவுக்கு மாறினால் கிரேட் சால்ட் லேக்கே போதும், கப்பிக்கு முதல் நாளிலிருந்தே போதும்.

உள்ளூர்ச் சரக்கே கிடைக்காதா என்று கேட்பீர்கள். மழைக்குப் பிறகு வயலோரக் குட்டைகளில் மல்லாந்து நீந்துகிற தேவதை இறால் நம் தமிழ்நாட்டிலும் உண்டு, ஸ்ட்ரெப்டோசெபாலஸ் டைகோடோமஸ் என்ற வகையைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆர்ட்டீமியாவின் நெருங்கிய சொந்தம்தான், நன்னீர்ப் பிராணி என்பதால் தொட்டியில் போட்டால் சில மணி நேரத்தில் சாகாது. ஆனால் குட்டை எப்போது வற்றும் என்று அதற்குத் தெரியாதே, அதனால் இந்த மாதிரி மழைக்குட்டை இனங்களின் முட்டை எல்லாம் ஒரே மழையில் பொரிவதில்லை. கொஞ்சம் இந்த மழைக்கு, கொஞ்சம் அடுத்த மழைக்கு என்று மண்ணிலேயே கிடக்கும். குட்டைக்கு அது புத்திசாலித்தனம், நாளைக் காலை ஆறு மணிக்குத் தீனி வேண்டும் என்கிற நமக்கு உதவாது. ஆர்ட்டீமியா முட்டையைத் தொழிற்சாலையில் குளிரிலும் உலர்த்தியும் பதப்படுத்தி, உறக்கத்தை மொத்தமாகக் கலைத்துத்தான் அனுப்புகிறார்கள், டின்னுக்குக் கொடுக்கும் காசில் பாதி இந்த ஒரே நாள் பொரிப்புக்குத்தான்.

தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் பக்கம் இருந்து படிக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். மீந்த முட்டையையோ குஞ்சையோ உப்பளத்து வாய்க்காலில் ஊற்றாதீர்கள். தூத்துக்குடி உப்பளங்களில் நமக்கென்று ஓர் ஆர்ட்டீமியா இருந்தது, ஆணே இல்லாமல் பெண்ணே பெண்ணைப் பெறுகிற வகை. டின்னில் வருகிற ஃபிரான்சிஸ்கானா இனம் நம் உப்பளங்களிலும் பரவிவிட்டதாக 2012 வாக்கில் ஆய்வுகள் வந்துவிட்டன. ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் இதே இனம் புகுந்து உள்ளூர் வகைகளை ஓரங்கட்டியிருக்கிறது. பறவைகளின் குடல் வழியாகக்கூட முட்டை செத்துப்போகாமல் அடுத்த அளத்துக்குப் போகும், ஒரு பிடி ஊற்றினாலும் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. பாத்தியில் பாசி மண்டி வழுவழுப்பானால் உப்பு பொடியாக, அழுக்காக விளையும், அந்தப் பாசியை மேய்ந்து தண்ணீரைத் தெளியவைப்பதே இந்தச் சின்ன இறால்தான் என்பது அளத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மீந்ததைக் கொதிநீர் ஊற்றிவிட்டுச் செடிக்கு ஊற்றாமல் சாக்கடையில் கொட்டுங்கள், உப்பு செடியைக் கருக்கிவிடும்.

பிள்ளைகளுக்கு விளையாட வாங்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். சீ மங்கீஸ் என்று அமெரிக்காவில் ஹரால்ட் வான் பிரான்ஹட் என்பவர் 1960-களில் காமிக்ஸ் விளம்பரம் போட்டு விற்றாரே, அதுவும் இதே ஆர்ட்டீமியாதான். அதில் முதல் நாள் தண்ணீரைச் சுத்தம் செய்யப் போடச் சொல்லும் பொட்டலத்திலேயே முட்டை இருக்கும், மறுநாள் போடும் பொட்டலத்தில் சாயம் சேர்ந்திருப்பதால் போட்ட கணமே உயிர் வந்ததுபோலத் தெரியும்! அந்தப் பெட்டிக்குக் காசு கொடுப்பதற்கு, மீன் வளர்க்கிற யாரிடமாவது கால் ஸ்பூன் முட்டை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஈஸ்ட்டைத் துளித்துளியாகக் கரைத்துக் கொடுத்தால் இரண்டு மூன்று வாரத்தில் பெரிதாகும், தண்ணீர் பால் மாதிரி வெளுத்தால் தீனி அதிகம் என்று அர்த்தம்.

ஒரே ஒரு ஜோடி ஃபைட்டரோடு நிற்கிறவர்களுக்கு 425 கிராம் அதிகம், முடிவதற்குள் ஈரம் பிடித்துவிடும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு டின் வாங்கி, திறந்த அன்றே ஒன்றாக உட்கார்ந்து புட்டியில் பிரித்துக்கொள்ளுங்கள். கடையில் எடுக்கும்போது டின்னின் மூடியை விரலால் அழுத்திப் பாருங்கள், உள்வாங்கியிருந்தால் எடுக்கலாம். மேலே உப்பியிருந்தாலோ அழுத்தும்போது டிக்கென்று சத்தம் வந்தாலோ எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.